வேலையைத் துறந்த மாப்பிள்ளை

"டிங்!"

மேஜை மேலிருந்த பித்தளை மணியைப் பள்ளி மாஸ்டர் ஜுகல் கிஷோர் அஸ்தானா தட்டினார். அவர் மனைவி கலாவதி பாதி வாக்கியத்தில் நின்றாள்.

"எதுக்கு மணி? பெத்த பொண்ணோட கல்யாணத்தைப் பத்திப் பேசிட்டிருக்கேன்!"

"ஒரு மணி அடிச்சா இன்னும் ஒரு நிமிஷம் பாக்கின்னு அர்த்தம். இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து கேக்கறே, இன்னுமா தெரியல? தீர்மானம் என்ன? 'ஞாயித்துக்கிழமை டவுன் ஹால் வாதப் போட்டிக்கு நான் நடுவரா உட்காரக் கூடாது.' அதை ஒட்டிப் பேசு, நீரஜா அம்மா."

"உட்காரக் கூடாது. அவ்வளவுதான்."

"அது முடிவு. வாதம் எங்கே?"

"வாதமா? சரி, கேளுங்க. போட்டித் தலைப்பு என்ன? வெளிநாட்டுக் கம்பெனிகளைக் கடுமையாக் கட்டுப்படுத்தணுமா, வேண்டாமா. நாம பாத்து வச்சிருக்கற பையன் எங்கே வேலை பாக்கறான்? வெளிநாட்டுக் கம்பெனியில. சம்பந்தி ஆகப்போறவர் முன்வரிசையில உட்கார்ந்திருப்பார். நீங்க மேடையில நின்னு, 'ஆமாம், கழுத்தைப் பிடிச்சுக் கட்டுப்படுத்தணும்'னு தீர்ப்பு சொல்வீங்க. அப்புறம் கல்யாணத்துக்கு யார் வருவா, கம்பெனியா?"

"டிங், டிங்!"

நேரம் முடிந்தது. கலாவதி முந்தானையை உதறிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அலகாபாத்தில் அஸ்தானா வீட்டு மணியை அறியாதவர் அந்தக் காலத்தில் இல்லை. மற்ற வீடுகளில் சண்டை போட்டார்கள். எங்கள் குடும்பத்தில் வாதம் செய்தார்கள். ஆதரித்து ஒருவர், மறுத்து ஒருவர், ஆளுக்கு மூன்று நிமிடம். பிறகு வீட்டுத் தலைவர் தீர்ப்புச் சொல்வார். சொன்ன தீர்ப்பு மாறாது. ஜுகல் கிஷோரின் தந்தை ஒரு வாதப் போட்டிக்கு நடுவராக இருந்தபோது சொந்த மகன் பேசிய அணியையே தோற்கடித்தவர். தோற்ற மகன் ஜுகல் கிஷோர்தான். அந்தத் தோல்வியை அவர் பதக்கம் போலச் சொல்லிக்கொள்வார். நியாயம்தானே? அப்படி ஒரு தோல்வி எத்தனை குடும்பத்துக்குக் கிடைக்கும்?

மாறாத தீர்ப்புகளில் ஒன்று, வேலையில்லாத பையனுக்கு இந்த வீட்டுப் பெண்ணைக் கொடுப்பதில்லை என்பது. அதற்குக் காரணம் உண்டு. ஜுகல் கிஷோரின் அத்தை ஒருத்தியை, சர்க்கார் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் தலை நரைக்கும் வரை எங்கள் வீட்டு மாடியில் படித்துக்கொண்டே இருந்தார். அந்த வருஷம்கூட மிர்ஸாபூரிலிருந்து நல்ல குடும்பத்துப் பையன் ஒருவன் வந்தான். "வேலை?" என்றார் ஜுகல் கிஷோர். "தேடிட்டிருக்கான்" என்றார்கள். தேநீரோடு அனுப்பி வைத்தார்.

"மறுத்துப் பேச யாரு?" என்றார் இப்போது.

மகள் நீரஜா எழுந்தாள். பி.ஏ. கடைசி வருஷம். பெண்கள் கல்லூரி வாதக் கழகத்தில் அவளைக் கண்டால் எதிரணி தண்ணீர் குடிக்கும். டவுன் ஹால் போட்டிக்குத் தலைப்பு கொடுப்பதும் அந்தக் கழகம்தான்.

"பாபுஜி, நடுவர் நாற்காலி தேடி வரும்போது, முன்வரிசையில சொந்தக்காரங்க இருக்காங்களான்னு எட்டிப் பாத்துட்டு ஒதுங்கினா ஊர் என்ன சொல்லும்? அப்பா மகனுக்கே பயப்படல, மகன் சம்பந்திக்குப் பயந்துட்டாருன்னு சொல்லும். என் கல்யாணம் நின்னா நிக்கட்டும். நம்ம குடும்பப் பேரு நிக்கணும்."

ஜுகல் கிஷோருக்குக் கண் கலங்கியது. அவளுக்கு மணி அடிக்க அவசியமே வரவில்லை.

"பலமான வாதம்" என்றார். "உட்காருவேன்."

"நீயும் உங்க அப்பனும்" என்று சொல்லிவிட்டுக் கலாவதி சமையலறைக்குப் போனாள்.

*

எமர்ஜென்சி முடிந்த வருஷத்தின் குளிர்காலம் அது. வாயை மூடிக்கொண்டிருந்த ஊர் திறந்த வாயை மூடவில்லை. தேநீர்க் கடையில், ரிக்‌ஷாவில், சங்கமத்துப் படகில் எல்லாம் பேச்சுதான். டவுன் ஹாலில் வாதப் போட்டி என்றால், சால்வை போர்த்திய வக்கீல்கள், மாணவர்கள், விடுமுறையில் வந்த ரயில்வே குமாஸ்தாக்கள் என்று கூட்டம் வாசல்படி வரை வழியும். வேர்க்கடலைத் தோலை உரித்துக்கொண்டே, பாட்டுக் கச்சேரி கேட்பது போல வாதம் கேட்பார்கள். நல்ல வாதம் விழுந்தால் "வாஹ்!" என்று ஒரு முனகல் எழும். எதிராளி சொன்னதானாலும் எழும். அந்த முனகலைக் கேட்டுப் பல வருஷம் ஆகிறது.

ஆதரித்துப் பேசிய பையன், லாபம் கப்பலேறுகிறது என்றான். வீட்டுக்கு வந்த விருந்தாளி, பெட்டிச் சாவியைக் கேட்டால் கொடுப்போமா என்றான். மறுத்துப் பேசியவன், வெளிநாட்டுக் கம்பெனியில் வேலை செய்பவர்கள் நல்ல சட்டை போடுகிறார்கள் என்றான். பிறகு சமாளித்துக்கொண்டு, "கட்டுப்படுத்தினால் அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள், நம் பையன்கள் நடுத்தெருவில் நிற்பார்கள்" என்றான்.

ஜுகல் கிஷோர் எழுந்தார். மண்டபம் அடங்கியது.

"ஒரு வாதம் பலமானதா என்று பார்க்க நான் இரண்டு கேள்விகள்தான் கேட்பேன். சொன்னது உண்மையா? உண்மை என்றால், அது தலைப்பை அசைக்கிறதா? நல்ல சட்டை உண்மைதான். ஆனால் அது தலைப்பை அசைக்காது, கொடியில்தான் அசையும்."

சிரிப்பு எழுந்தது. முன்வரிசையில் சம்பந்தி ஆகப்போகிற பிரிஜ் மோகன் நிகம் சிரிக்கவில்லை. ரயில்வே கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். சால்வைக்குள் கற்சிலை மாதிரி இருந்தார்.

"கம்பெனி போய்விடும், வேலை போய்விடும் என்றார்கள். இது வாதமல்ல, பயம். பயத்தைக் காட்டிக் கேட்கிற சலுகைக்கு முடிவே கிடையாது. போனால் போகட்டும். கம்பெனிதான் போகும். அதன் இயந்திரத்தை ஓட்டிய கை இங்கேதானே இருக்கும்? சுயமரியாதை உள்ள இளைஞன் அப்படிப்பட்ட வேலையைத் தானே துறப்பான். ஆதரித்துப் பேசிய அணிக்கே கோப்பை!"

மண்டபம் முழுக்க "வாஹ்!" நிகம் மட்டும் எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்தது: "வெளிநாட்டு வேலையைத் துறப்பதே சுயமரியாதை: அஸ்தானா".

அன்று காலைத் தேநீரில் சர்க்கரை இல்லை.

"நீரஜா அம்மா, சர்க்கரை?"

"கட்டுப்படுத்தியிருக்கு" என்றாள் கலாவதி.

*

"பாபுஜி, நேர்ல போய் விளக்கிட்டு வந்துடுங்க" என்றாள் நீரஜா. "தீர்ப்பு வேற, சொந்த அபிப்பிராயம் வேறன்னு சொல்லுங்க. உங்களை விட யாரு நல்லா விளக்க முடியும்?"

அதுதான் ஆபத்து என்பது அவருக்குத் தோன்றவில்லை. இஸ்திரி போட்ட ஷெர்வானியோடு லூக்கர்கஞ்சில் இருந்த நிகம் வீட்டுக்குப் போனார். நிகம் வெயிலில் உட்கார்ந்து கொய்யாப்பழத்துக்குக் கறுப்பு உப்பு தடவிக்கொண்டிருந்தார்.

"நிகம் சாஹிப், நேத்து நான் சொன்னது உங்க பையனைப் பத்தி இல்ல."

"பின்ன யாரைப் பத்தி?"

"யாரைப் பத்தியும் இல்ல. வாதத்தோட பலத்தைப் பத்தி. தராசு மாதிரி. தராசுக்குச் சொந்த அபிப்பிராயம் கிடையாது பாருங்க."

"அப்போ அந்த வாதம் பலமில்லையா?"

நடுவரிடம் கேட்கக் கூடாத கேள்வி. ஜுகல் கிஷோர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பலமில்லையா? அதெப்படி! லாபம் வெளியே போறது உண்மை. அது தலைப்பை அசைக்குது. சட்டம் போட அரசாங்கத்துக்கு உரிமை இருக்கு, அதுவும் உண்மை..."

கொய்யாப்பழம் தீரும் வரை பேசினார். டவுன் ஹாலில் நேரமில்லாமல் விட்டதையெல்லாம் இங்கே சொன்னார். நிகம் கண்ணை மூடிக் கேட்டார். பேச்சு முடிந்ததும் கண்ணைத் திறந்து, ஜுகல் கிஷோரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர் சாஹிப், போதும். என் கண்ணைத் திறந்துட்டீங்க. என் பையன் அனுபமை வேலையை விடச் சொல்லிடறேன்."

"ஐயோ, அப்படிச் சொல்ல வரல..."

"வேண்டாம், தன்னடக்கம் வேண்டாம். உங்க வாதத்துக்கு எங்கிட்ட பதில் இல்ல."

முப்பது வருஷ நடுவர் வாழ்க்கையில் ஒரு வாதம் இப்படி ஒருவரைத் தரையில் சாய்த்து அவர் பார்த்ததில்லை. திரும்பி வரும் வழியில் ரிக்‌ஷாவில் பாதித் தூரம் பெருமையாக இருந்தது. மீதிப் பாதியில்தான் கலாவதியின் முகம் நினைவுக்கு வந்தது.

"ஜெயிச்சுட்டேன்" என்றார் வாசலிலேயே, செத்த குரலில்.

விஷயத்தைக் கேட்ட கலாவதி பிரம்பு மோடாவில் சாய்ந்தாள். "பலே! இனிமே மாப்பிள்ளைக்குக் கோப்பையில சோறு போடலாம். வேலையில்லாதவனுக்குப் பொண்ணு கிடையாதுங்கறது யாரு தீர்ப்பு?"

"என் தீர்ப்பு."

"அவன் வேலை போனது யாரு தீர்ப்பால?"

"...என் தீர்ப்பால."

"ரெண்டு தீர்ப்புக்கும் நடுவுல என் பொண்ணு நிக்கறா."

உண்மையில் நீரஜா ஜன்னலோரம் நின்று, குனிந்த தலையோடு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தோள்கள் லேசாகக் குலுங்குவதைப் பார்த்ததும் ஜுகல் கிஷோருக்கு மனம் தாங்கவில்லை. பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது என்பது வீட்டில் யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

"அழாதே மகளே. நாளைக்கே போய் மாத்தறேன்."

*

மறுநாள் மறுபக்கத்து வாதங்களை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனார். அங்கே நிகம் தனியாக இல்லை. ரயில்வே நண்பர்கள் மூன்று பேர் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க மாஸ்டர் சாஹிப்! இவங்ககிட்ட உங்க வாதத்தைத்தான் சொல்லிட்டிருந்தேன்."

"நிகம் சாஹிப், இன்னொரு பக்கமும் இருக்கு. வெளிநாட்டுக் கம்பெனின்னா தொழில் நுட்பம் வருது, வேலை வருது..."

"மெதுவா" என்றார் நிகம். தேநீர்க் கோப்பையைக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினார். "முறையா நடக்கட்டும். நாங்க நாலு பேரும் நடுவர்கள். மூணு நிமிஷம்."

ஜுகல் கிஷோருக்கு வியர்த்தது. நாற்காலியின் இந்தப் பக்கம் அவர் நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. வேலை என்றார், தொழில் என்றார், ஏற்றுமதி என்றார். ஒவ்வொரு வாதத்தையும் வாயிலிருந்து விடும்போதே அதற்கு எத்தனை மார்க் என்று அவருக்கே தெரிந்தது. கடைசியில், "நல்ல சட்டை..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

கரண்டி இரண்டு தரம் ஒலித்தது.

"சொன்னதெல்லாம் உண்மைதான்" என்றார் சீட்டுக்காரர்களில் ஒருவர் வருத்தத்தோடு. "ஆனா தலைப்பை அசைக்கல."

"முந்தாநாள் தீர்ப்புச் சொன்ன அஸ்தானாவை யாராலயும் ஜெயிக்க முடியல. இன்னிக்கு வந்த அஸ்தானாவாலயும் முடியல" என்றார் நிகம். "அதோட, அனுபம் ராஜினாமா பண்ணியாச்சு. அஸ்தானா வீட்டுத் தீர்ப்பை மீற எங்களுக்கு என்ன துணிச்சல்?"

ஜுகல் கிஷோர் வாழ்க்கையில் இரண்டாம் முறையாகத் தோற்றார். முதல் தடவை போல இதில் பெருமை இல்லை.

*

விஷயம் மாணவர் சங்கத்துக்கு எட்டியது. எப்படி எட்டியது என்று யாரும் விசாரிக்கவில்லை. அந்த ஊரில் எல்லாமே எட்டும். நடுவரின் ஒரு வார்த்தைக்காக வெளிநாட்டு வேலையை உதறிய இளைஞனை விடுவார்களா? அனுபமை ரிக்‌ஷாவில் ஏற்றி, காது வரை சாமந்தி மாலை போட்டு, மத்தளத்தோடு ஊர்வலம் வந்தார்கள். ஊர்வலம் நேராக அஸ்தானா வீட்டு வாசலில் வந்து நின்றது. மாலைகளுக்கு மேலே தெரிந்த அனுபமின் மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன. தியாகிக்கு வெட்கம் போலிருக்கிறது என்று கூட்டம் நெகிழ்ந்தது.

"நடுவர் சாஹிப் வெளியே வரணும்!"

"தியாகிக்கு உங்க பதில் என்ன?"

பத்திரிகை நிருபர் பேனாவைத் திறந்தார்.

ஜுகல் கிஷோர் வாசலுக்கு வந்து, கூட்டத்தைப் பார்த்து, கை கூப்பினார். "அவை கூடணும். கொஞ்சம் பொறுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே மத்தளம் நின்றது. ஊரே மணிக்குக் காது கொடுத்தது.

"தீர்மானம்: அனுபமுக்கு நீரஜாவைக் கொடுக்கலாம்" என்றார் உள்ளே. "நீரஜா, நீ பேசு."

"நான் கட்சிக்காரி பாபுஜி. பேசினா முறையில்ல."

"சரி. மறுத்துப் பேசறது யாரு?"

"நான்" என்றாள் கலாவதி. அன்று அவள் பொருளை விட்டு விலகவே இல்லை. "வேலையில்லாத பையனுக்குப் பொண்ணு கிடையாதுங்கறது இந்த வீட்டுத் தீர்ப்பு. மாடியில நரைச்சுப்போன அத்திம்பேரை நான் பாத்திருக்கேன். வெளியே நிக்கறவனுக்கு மாலை இருக்கு, சம்பளம் இல்ல. சாமந்திப் பூவைக் குழம்பு வைக்க முடியாது. தீர்ப்பை மாத்தினா, இனிமே இந்த மணிக்கு என்ன மதிப்பு? மாத்தாம விட்டா, உங்க பேச்சைக் கேட்டு நடுத்தெருவுக்கு வந்தவனை நாமளே தள்ளிவிட்ட பாவம். எதைச் செஞ்சாலும் குடும்ப மானம் போச்சு. இப்போ சொல்லுங்க பாப்போம் தீர்ப்பு."

அதற்குள் மூன்று நிமிடம் முடிந்திருந்தது. மணி அடிக்க ஜுகல் கிஷோருக்குக் கை வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் பேசியதிலேயே பலமான வாதம். முதல் தடவையாக, "வாஹ்" என்றார்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டார். வெளியே யாரோ இருமினார்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் தாயும் மகளும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீரஜாவின் விரல் நாற்காலி முதுகை இறுகப் பிடித்திருந்தது.

"டிங், டிங்!"

அவர் எழுந்தார். முதுகு நிமிர்ந்தது. கதவை அகலத் திறந்தார்.

"வேலையில்லாதவனுக்கு இந்த வீட்டில் பெண் கிடையாது! அந்தத் தீர்ப்பு அப்படியே நிற்கிறது. ஆனால் வேலையில்லாதவன் வேறு. வேலையைத் துறந்தவன் வேறு! முன்னவன் கேட்டு வருகிறான். பின்னவனை நாம் கேட்டுப் போக வேண்டும். நிகம் குடும்பத்தாரிடம் என் மகளுக்காக நான் அனுபமைக் கேட்கிறேன்!"

தெரு முழுக்க எழுந்த அந்த "வாஹ்!" யமுனைப் பாலம் வரை கேட்டதாகச் சொல்வார்கள். மத்தளம் மறுபடி முழங்கியது. தாத்தா உயிரோடிருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார் என்று நாங்கள் எல்லோரும் ஒருமுகமாகச் சொன்னோம்.

மாலைத் தேநீரில் சர்க்கரை இரண்டு கரண்டி இருந்தது.

"வேறு, வேறுன்னு எங்கேருந்து பிடிச்சீங்க?" என்றாள் கலாவதி, பொய்க் கோபத்தோடு.

"வாதம் தானா வரும், நீரஜா அம்மா. நேர்மையா உட்கார்ந்தா போதும்."

*

வசந்த பஞ்சமியன்று நிச்சயதார்த்தம். வீடு முழுக்க மஞ்சள் புடவைகளும், குங்குமப்பூச் சோற்று வாசனையும். ஜுகல் கிஷோர் புது ஷெர்வானியில், வந்தவர்களிடமெல்லாம் தீர்ப்பைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கான்பூர் ஆபீஸில் அனுபமோடு வேலை பார்த்த நண்பர், திரிவேதி என்ற கனத்த மனிதர், கையில் ஜிலேபித் தட்டோடு முன்னால் வந்து காலைத் தொட்டார்.

"மாஸ்டர் சாஹிப், நீங்களே எங்க கடையைத் திறந்து வைக்கணும்."

"எந்தக் கடை?"

"நானும் அனுபமும் சேந்து போடறோம். கணக்கு மெஷின் ரிப்பேர். கம்பெனி போனாலும் அதோட மெஷினெல்லாம் ஆபீஸ் ஆபீஸா இங்கேதானே கிடக்கு? திறந்து பாக்கத் தெரிஞ்சவங்க நாங்கதான். இப்பவே ஆள் வரிசையில நிக்குது."

ஜுகல் கிஷோரின் மார்பு விரிந்தது. "பாத்தீங்களா! டவுன் ஹால்ல என்ன சொன்னேன்? கை இங்கேதான் இருக்கும்னு சொன்னேன். ஆக, அனுபம் விலகினதைப் பாத்துட்டுக் கம்பெனியும் கிளம்பிடுச்சா?"

"அனுபம் விலகினதா?" திரிவேதி ஜிலேபியைக் கீழே வைத்தார். "கான்பூர் ஆபீஸ்ல தசராவுக்கு மறுநாளே பூட்டுத் தொங்கிடுச்சே. சர்க்கார் கட்டுப்பாடு தாங்கலைன்னு வெள்ளைக்காரங்க ஊருக்குப் போயிட்டாங்க."

"தசராவுக்கா? போட்டி நடந்தது அதுக்கு அப்புறம் எவ்வளவோ நாள் கழிச்சு. அப்போ ராஜினாமாவை யார்கிட்ட குடுத்தான்?"

"உங்களுக்குத் தெரியாதா?" என்றார் திரிவேதி, விரலிலிருந்த பாகை நக்கிக்கொண்டே. "இந்த ஊர் கம்பெனி பாக் பூங்காவுல உட்கார்ந்து எல்லாம் போச்சுன்னு அவன் அழுதப்போ உங்க பொண்ணுதானே சொல்லிச்சு: 'வேலை போன மாப்பிள்ளைன்னா எங்க பாபுஜி தேநீர் குடுத்து அனுப்பிடுவாரு, அவர் தீர்ப்பைக் கேட்டு வேலையை விட்ட மாப்பிள்ளைன்னா அவரே வந்து பொண்ணு குடுப்பாரு, உங்க அப்பாவைக் கண்ணை மூடிக் கேக்கச் சொல்லு, போட்டித் தலைப்பை நான் பாத்துக்கறேன்'னு!"